ஒரு காபிக் கடையும் அதைச் சுற்றி நாலு பெஞ்சும்

வீடு, தெரு, ஊர் ஆகியவற்றின் அமைப்பைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்குக் கட்டடக்கலைஞர் ஒருவர் பதில் அளிக்கும் பகுதி இது. சூழலைக் கெடுக்காமலும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேச இடம் தந்தும் நடக்கக்கூடிய சிறு காபிக் கடைகளைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழு, பூங்கா ஒன்றின் வாசலருகே எட்டடிக்குப் பத்தடி அளவில் காபிக் கடை போடலாம் என்று பேசி வருகிறது. கடை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும், என்ன நிறம், என்ன கூரை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடையின் தோற்றத்தைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். முதல் வேலையாக, அந்த எட்டடிக்குப் பத்தடி இடத்தை ஒரு தாளில் வரைந்து, அதைச் சுற்றி நாற்புறமும் முப்பதடி தூரத்துக்கு என்னென்ன இருக்கின்றன என்பதைக் குறியுங்கள்: மரங்கள், மின்கம்பம், பேருந்து நிறுத்தம், கழிப்பறை, சாக்கடை மூடி, இருசக்கர வண்டிகள் நிற்கும் இடம். பிறகு காலை ஆறரை மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் உங்களில் ஒருவர் அங்கே போய், நிழல் எங்கே விழுகிறது, மனிதர்கள் எங்கே தாமாகவே நிற்கிறார்கள் என்பதை அதே தாளில் வெவ்வேறு நிறங்களில் குறித்து வரட்டும். நிழலும் மனிதர்களும் சந்திக்கும் பக்கம்தான் கடையின் முகப்பு.

காபி போடவும் பாத்திரம் கழுவவும் எண்பது சதுர அடி தாராளமாகப் போதும். மக்கள் கூடுவது அதற்கு வெளியே என்பதால், உங்கள் பணத்திலும் கவனத்திலும் பாதியாவது வெளிப்புறத்துக்குச் செலவாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரச் சதுக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சிறிய இரும்புக் கடைகள் உண்டு. காலப்போக்கில் அவற்றில் பல மூடிக் கிடந்தன. 2009-இல் சிலவற்றைச் செப்பனிட்டு, அந்நகரத்தின் பழைய குளிர்பானங்களையும் காபியையும் விற்கத் தொடங்கியபோது அந்தச் சதுக்கங்களுக்கு மீண்டும் நடமாட்டம் வந்தது. கடைக்குள் இரண்டு பேர் நின்றாலே இடம் நிறைந்துவிடும். அதைச் சுற்றி மரநிழலில் மேசைகளும் நாற்காலிகளும் பரந்திருக்கும். அளவில் அவை உங்கள் கடையைவிடப் பெரியவை அல்ல.

கோயம்புத்தூர் ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு பிற்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். ஆகவே, சுவரைவிடக் கூரைக்கே இங்கு வேலை அதிகம். நான்கு பக்கமும் மூன்றடியாவது வெளியே நீண்ட கூரை, வாங்க நிற்பவரை வெயிலிலும் மழையிலும் காக்கும். மேற்குப் பக்கம் தனிச் சிக்கல். மாலை வெயிலும் அங்கிருந்துதான் வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் ஊருக்கு வரும் காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. முழுச் சுவர் எழுப்பினால் வெயிலோடு காற்றும் நின்றுபோகும். செங்கற்களுக்கு இடையே இடைவெளி விட்டுக் கட்டும் சல்லடைச் சுவர் இதற்குச் சரியான தீர்வு. திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸை வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் குழுவினர் ஒருமுறை பார்த்து வர வேண்டும். சுழன்று ஏறும் சரிவுத் தளம், அதன் ஓரமாகக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் இருக்கைகளும், வெளிச்சுவர் நெடுக வெளிச்சமும் காற்றும் நுழையும் செங்கல் இடைவெளிகள் என்று, குளிர்பதனம் இல்லாமலேயே ஒரு காபிக் கடையை இதமாக வைத்திருக்க முடியும் என்பதை அது காட்டிக்கொண்டிருக்கிறது.

நடைபாதையை விழுங்காதீர்கள். கடையும் இருக்கைகளும் நிற்பவர்களும் போக, நடப்பவர்களுக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் அளவு. கடைத்தெருவாக இருந்தால் இதைவிட அதிகம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்காக, காபி தரும் மேடையின் ஒரு பகுதியையாவது 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில், அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டு அமையுங்கள். குழந்தைகளும் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள்.

கேள்வி: காகிதக் கோப்பை, மண் குவளை, எவர்சில்வர் டம்ளர் ஆகிய மூன்றில் சூழலுக்கு எது நல்லது? டம்ளர் என்றால் கழுவத் தண்ணீர் செலவாகிறது. காகிதம் என்றால் குப்பை சேருகிறது. சுத்தம் என்று பார்த்தால் வாடிக்கையாளர்கள் காகிதத்தையே கேட்கிறார்கள். — வாசகர், சென்னை

பதில்: டம்ளர்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஆனால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

காபிக் கடைகளில் தரப்படும் வழக்கமான காகிதக் கோப்பை வெறும் காகிதத்தால் ஆனது அல்ல. திரவம் ஊறாமல் இருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. இந்தப் பூச்சுள்ள கோப்பைகள், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்களின் பட்டியலில் உள்ளவை. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கோப்பையில் 100 மில்லி சூடான நீர் பதினைந்து நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கண்டறிந்தார்கள். சுத்தம் என்று நம்பிக் கேட்கப்படும் கோப்பையின் நிலை இது. சூடான காபியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பழக்கமும் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அது இதைவிட மோசமானது.

மண் குவளையைப் பார்த்தால் மனத்துக்கு இதமாக இருக்கிறது. குயவர்களுக்கு வேலையும் தருகிறது. ஆனாலும் ஒவ்வொரு குவளைக்கும் மண் எடுத்து, சூளையில் விறகு எரித்து, ஒரே ஒரு முறை குடித்துவிட்டு எறிகிறோம். சுட்ட மண் திரும்ப மண்ணாவதற்கு நெடுங்காலம் ஆகும். திருவிழா நாளில் பயன்படுத்தலாம். அன்றாடக் கடைக்கு அது பொருந்தாது.

டம்ளர் கழுவத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மையே. அந்தச் செலவைக் கட்டுப்படுத்துவது தொட்டியின் அமைப்பில் இருக்கிறது. ஓடும் குழாயடியில் கழுவாமல், அடுத்தடுத்து மூன்று தொட்டிகள் வையுங்கள்: முதலாவதில் சோப்பு நீர், இரண்டாவதில் அலசும் நீர், மூன்றாவதில் 77 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீர். வெந்நீரில் அரை நிமிடம் முழுதாக மூழ்கி எழுந்த டம்ளரைத் துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து உலர விட வேண்டும், ஏனென்றால் ஈரத் துணியே பல கடைகளில் கிருமிகளின் இருப்பிடம். இந்தக் கழுவுமிடத்தைக் கடையின் பின்புறத்தில் ஒளிக்காதீர்கள். வாங்குபவர் கண்ணெதிரே, நல்ல வெளிச்சத்தில் அது நடக்கட்டும். காகிதக் கோப்பை கேட்பவர் உண்மையில் கேட்பது நம்பிக்கையை. ஆவி பறக்கும் தொட்டியிலிருந்து டம்ளர் வெளிவருவதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை வரும். டம்ளர்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டு வாங்குங்கள். நெரிசலான நேரத்தில் அரை மணிக்கு அறுபது காபி போகிறது, கழுவி உலரக் கால் மணி முதல் அரை மணி ஆகிறது என்றால், நூற்றிருபது டம்ளர்கள் இருந்தால் தட்டுப்பாடு வராது.

இதில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. எறிந்துவிடும் கோப்பையை வாங்கியவர் நடந்துகொண்டே குடித்துப் போய்விடலாம். திருப்பித் தர வேண்டிய டம்ளரை வாங்கியவர், டவராவில் ஆற்றிக் குடித்து முடிக்கும் வரை அங்கேதான் நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசுகிறார். குப்பையைக் குறைப்பதும் மனிதர்களைக் கூட்டுவதும் தனித்தனி வேலைகள் என்று நினைத்துப் பலர் வரைபடம் போடுகிறார்கள். காபிக் கடையில் இரண்டையும் ஒரே டம்ளர் செய்கிறது.

நம் ஊர்களின் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததையும், சில இடங்களில் அது மறைமுகமாகத் தொடர்வதையும் மறந்துவிட்டு டம்ளரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்திலிருந்தே அது தண்டனைக்குரிய குற்றம். எறிந்துவிடும் கோப்பை, சில கடைகளில் அந்தப் பாகுபாட்டைப் பார்வைக்கு மறைக்கவும் பயன்பட்டிருக்கிறது. ஆகவே, ஒரே அடுக்கில் இருந்து எடுத்து, ஒரே தொட்டியில் கழுவி, தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும் கார் ஓட்டி வந்தவருக்கும் ஒரே டம்ளரில் தரும் கடை, தன் தெருவுக்குச் செய்யும் நன்மை சூழல் கணக்கில் மட்டும் அடங்குவது அல்ல.

அலுவலகத்துக்கு எடுத்துப் போவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஃபிளாஸ்க், தூக்குவாளி கொண்டு வருவோருக்கு விலையில் சிறு தள்ளுபடி தரலாம். அல்லது முன்பணம் வாங்கிக்கொண்டு மூடியுள்ள எவர்சில்வர் குவளையைத் தந்து, திரும்பி வந்ததும் பணத்தைக் கொடுக்கலாம். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம் 2016-இல் ஒரு யூரோ முன்பணத்தில் இப்படி ஒரு பொதுக் கோப்பையை அறிமுகப்படுத்தியது. ஒரு கடையில் வாங்கியதை வேறொரு கடையில் திருப்பித் தரும்படி அது அமைந்தது. நமக்கும் இது புதிதல்ல. நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டில் வந்ததும் திருப்பித் தருகிறார்கள். பாட்டிலுக்கு நடப்பது குவளைக்கும் நடக்கும்.

கேள்வி: பழைய சரக்குப் பெட்டகத்தை (கண்டெய்னர்) வாங்கி, வெட்டிக் கடையாக மாற்றுவது மறுபயன்பாடு என்பதால் சூழலுக்கு நல்லது என்கிறார்களே? — வாசகர், மதுரை

பதில்: மதுரை வெயிலுக்கு வேண்டாம். எல்லாப் பக்கமும் இரும்பாக உள்ள பெட்டகம், உள்ளே அடுப்பும் எரியும்போது நிற்க முடியாத அளவுக்குச் சூடாகும். அதைத் தணிக்க உட்பூச்சு, பொய்க்கூரை, குளிர்பதனம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த பின் மறுபயன்பாட்டால் மிச்சமானது எதுவும் இருக்காது. அதை இறக்கக் கிரேன் வேண்டும் என்பது தனிச் செலவு.

மறுபயன்பாட்டில் ஆர்வம் இருந்தால், இடிக்கப்படும் வீடுகளில் இருந்து வரும் பொருள்கள் நம் ஊர்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. பழைய தேக்குச் சட்டங்கள், மங்களூர் ஓடுகள், கருங்கல் தூண்கள் ஆகியவற்றை எடை போட்டோ எண்ணியோ விற்கிறார்கள். மேடைக்குக் கடப்பாக்கல், தரைக்கு ஆத்தங்குடிக் கல், சட்டகத்துக்குத் திருகாணிகளால் பூட்டிய எஃகு ஆகியவை போதும். வெல்டிங் செய்யாமல் திருகாணி போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாலை விரிவாக்கமோ வடிகால் வேலையோ வந்து கடையை இடம் மாற்ற நேர்ந்தால், கழற்றி வேறிடத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஒரு காபிக் கடையை நடத்த முடியுமா? — மாணவர், திருநெல்வேலி

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 95 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 0.08 யூனிட் வேண்டும். பாலுக்கும் கிட்டத்தட்ட இவ்வளவே. நாளுக்கு 300 காபி, ஒவ்வொன்றும் 120 மில்லி என்றால் 36 லிட்டர். அதற்குச் சுமார் மூன்று யூனிட். இது தாளில் வரும் கணக்கு. நடைமுறையில் பாலைத் திறந்த பாத்திரத்தில் நாள் முழுவதும் கொதிநிலையில் வைத்திருப்பதும், டம்ளர் முக்கும் வெந்நீரும் சேர்ந்து இதை இரண்டு மூன்று மடங்காக்கும். குளிர்பதனப் பெட்டி, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றுக்கு இன்னும் ஒன்றரை முதல் இரண்டு யூனிட்.

தென் தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். எட்டுக்குப் பத்தடிக் கடையின் கூரையில் இப்போது கிடைக்கும் பெரிய தகடுகள் இரண்டு, அதாவது ஏறத்தாழ ஒரு கிலோவாட் பொருந்தும். கூரையை வெளியே நீட்டினால் இரண்டு கிலோவாட் வரை போகலாம். ஆகவே விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றைச் சூரியனிடம் முழுமையாக ஒப்படைக்கலாம். அடுப்பையும் சேர்ப்பது, வெப்பம் வீணாவதை நீங்கள் எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாலைச் சிறு சிறு அளவாகக் காய்ச்சி மூடி வைப்பது, டிகாக்‌ஷனைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் வெப்பம் காக்கும் கலத்தில் வைப்பது, வெந்நீர்த் தொட்டிக்கு வெளியுறை போடுவது ஆகிய மூன்றையும் செய்த பிறகு தகடு வாங்குங்கள்.

கல்லூரித் திட்டங்களில் அடிக்கடி தவறவிடப்படும் முரண் ஒன்று இருக்கிறது. நல்ல மரத்தடியில் தகடு வேலை செய்யாது. தகடு நன்றாக வேலை செய்யும் இடத்தில் மனிதர்கள் உட்கார மாட்டார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தகட்டை அருகிலுள்ள கட்டடத்தின் மாடியில் வைக்க இடம் கேட்கலாம், கிடைக்காவிட்டால் சாதாரண மின் இணைப்போடு நடத்தலாம். ஐம்பது வயதுப் புங்கை மரத்தை வாங்கி நட முடியாது. அதன் அடியைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமெண்டு பூசாமல் மண்ணாக விடுங்கள்.

இத்துடன், பால் காபியின் சூழல் சுமையில் பெரும்பங்கு பாலுக்குத்தான் என்பதையும் உங்கள் திட்ட அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் மிஞ்சிக் கொட்டப்படும் இரண்டு லிட்டர் பால், கூரை மேல் வைத்த தகட்டின் அன்றைய பயனைக் கரைத்துவிடக்கூடும்.

கேள்வி: எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நாள் முழுவதும் ஆண்கள் நிற்கிறார்கள். நானோ என் தோழிகளோ அங்கே நின்று ஒரு காபி குடித்ததே இல்லை. 'சமூகம் கூடும் இடம்' என்று சொல்லும்போது எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா? வடிவமைப்பால் இது மாறுமா? — வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: இந்தப் பகுதிக்கு வந்தவற்றுள் மிக முக்கியமான கேள்வி இதுதான். பாதி ஊர் வராத இடத்தைச் சமூகம் கூடும் இடம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வடிவமைப்பு மட்டும் இதை மாற்றிவிடாது. ஆனால் வடிவமைப்பு பல தடைகளை எழுப்பியிருப்பதால், அவற்றை அகற்றுவது அதன் பொறுப்பு.

முதலாவது, நிற்பது. நம் தேநீர்க் கடைகளில் பெரும்பாலும் உட்கார இடமில்லை, அல்லது சாலையைப் பார்த்தபடி ஒரே ஒரு நீளப் பெஞ்சு இருக்கும். முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் எப்படிப் போய் உட்காருவார்? இருவர் அமரும் சிறு பெஞ்சுகள் சில, ஒன்றுக்கொன்று செங்கோணமாக அமையட்டும். இழுத்துப் போட்டுக்கொள்ளும் ஸ்டூல்களும் சில இருக்கட்டும். தன் இடத்தையும் தூரத்தையும் தானே தீர்மானிக்க முடிகிறபோது தயக்கம் குறைகிறது. முதுகு சாயவும் கைபிடித்து எழவும் வசதியுள்ள இருக்கைகள் குறைந்தது இரண்டு இருந்தால், பாட்டிமாரும் வருவார்கள். 45 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் உட்கார்ந்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு எழுந்திருப்பது சிரமம்.

இரண்டாவது, புகை. பொது இடத்தில் புகைபிடிப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. சிகரெட் விற்காத கடையில் அந்தத் தடையைச் செயல்படுத்துவது எளிது. வருமானத்தில் ஒரு பகுதி போகும் என்பது தெரிந்தே இதைச் சொல்கிறேன். குழந்தையோடு வரும் தாய், முதியவர், ஆஸ்துமா உள்ளவர் ஆகியோர் அந்த இடத்தை நிரப்புவார்கள்.

மூன்றாவது, வெளிச்சமும் கழிப்பறையும். கடைக்குள் கண்ணைக் கூசும் வெள்ளை விளக்கும் வெளியே இருட்டும் இருப்பதே வழக்கம். அதை மாற்றி, இருக்கைகளின் மேலும் அங்கு வந்து சேரும் பாதையிலும் சீரான, மஞ்சள் கலந்த வெளிச்சம் விழச் செய்யுங்கள். எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும். சுத்தமான பொதுக் கழிப்பறைக்கு நடந்து போகும் தூரத்தில் கடை இருந்தால் பெண்களும் முதியவர்களும் நீண்ட நேரம் இருக்க முடியும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் போதே இதைப் பாருங்கள், பிறகு சேர்க்க முடியாது.

கடையை நடத்துபவர்கள் பெண்களாக இருந்தால் இந்த மூன்றில் பாதி தானாகவே நடக்கும். கோயம்புத்தூர் வாசகியின் குழுவை நான் இவ்வளவு ஆர்வத்தோடு எதிர்பார்ப்பதற்கு அதுவும் காரணம்.

கேள்வி: ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அரசியல் பேசுபவர்களால் வியாபாரம் எப்படி நடக்கும்? நான் கடை வைத்திருப்பவன். 'அரசியல் பேசாதீர்' என்று பலகை வைக்கலாமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: பலகை வேண்டாம். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் காலியான பெஞ்சு புதியவரை அழைப்பதில்லை, ஆள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுதான் அழைக்கிறது. நியூயார்க் சதுக்கங்களில் மக்கள் எங்கே, எவ்வளவு நேரம் அமர்கிறார்கள் என்பதை நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1970-களில் படமெடுத்து ஆராய்ந்தார். எல்லோருக்கும் எளிதாகத் தோன்றும் ஒன்றை அவர் சான்றுகளோடு நிறுவினார்: உட்கார வசதி உள்ள இடத்தில் மனிதர்கள் உட்காருகிறார்கள், மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு மேலும் மனிதர்கள் வருகிறார்கள், உணவு விற்பவர் ஒருவர் இருந்தால் அந்த இடம் இன்னும் உயிர் பெறுகிறது. அந்த ஆய்வின் பயனாக, 1975-இல் சதுக்கங்களில் இருக்கைகளைக் கட்டாயமாக்கி நியூயார்க் தன் விதிகளைத் திருத்தியது. போதைப்பொருள் விற்பனைக்குப் பெயர்போயிருந்த பிரையன்ட் பூங்கா, 1992-இல் சீரமைக்கப்பட்டுத் திறந்தபோது, நகர்த்தக்கூடிய நாற்காலிகளும் சிறு உணவுக் கடைகளும் அதன் அமைப்பிலேயே இருந்தன. இன்று அந்நகரத்தில் மக்கள் மிகுதியாகக் கூடும் பூங்காக்களில் அதுவும் ஒன்று.

உங்கள் கடைக்கு இதை இப்படிப் பொருத்திப் பார்க்கலாம். அவசரமாகக் குடித்துவிட்டுப் போகிறவருக்கும் நெடுநேரம் இருப்பவருக்கும் இடங்களைப் பிரியுங்கள். காபி தரும் மேடைக்கு எதிரே, நின்றபடி டம்ளரை வைத்துக் குடிக்க மார்பளவு உயரத்தில் ஒரு குறுகிய கல்பலகை இருந்தால் போதும். வருமானத்தில் பெரும்பகுதி அங்கே நடக்கும். பேசுகிறவர்களின் பெஞ்சுகள் அதிலிருந்து பத்தடி தள்ளி, மரத்தடியில் இருக்கட்டும். வரிசையை அவர்கள் மறிக்காதவரை, அவர்கள் இருப்பு உங்களுக்கு இழப்பு அல்ல. இரண்டு நாளிதழ்களும், நகராட்சி அறிவிப்பு, இரத்ததானம், வாடகை வீடு ஆகியவற்றுக்கு ஒரு கரும்பலகையும் வையுங்கள். ஒன்றும் வாங்காமல் அமர்பவரையும் எழுப்பாதீர்கள். வெயிலில் நடந்து வந்த ஒருவருக்கு ஒரு பானைத் தண்ணீரும் உட்கார இடமும் தருவது நம் திண்ணைகளின் வழக்கமாக இருந்தது. தெருக்களில் திண்ணைகள் மறைந்துவிட்ட நிலையில் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை உங்கள் பெஞ்சு ஏற்கலாம்.

கேள்வி: நடைபாதையில் கடை வைக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்? — வாசகர், சேலம்

பதில்: தெரு வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி அமைப்பில் நகர விற்பனைக் குழு இருக்கும். அதன் உறுப்பினர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாதோர் தெரு வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். விற்பனைச் சான்றிதழ் அதன் வழியே கிடைக்கும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. பூங்காவுக்குள் என்றால் மாநகராட்சியின் ஒப்பந்தம் தனியாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் வெளியிலுள்ள இருக்கைகளும் மரநிழலும் பொதுவானவை, வாங்காதவரும் அமரலாம் என்ற வரியை நீங்களே கேட்டு எழுத வையுங்கள். பின்னாளில் ஒப்பந்தம் கைமாறி வேறொருவர் கயிறு கட்டினாலும் அந்த வரி நிற்கும்.

கேள்வி: காபி வடிகட்டிய சக்கையையும் டம்ளர் கழுவிய நீரையும் என்ன செய்வது? செடிகளுக்கு நேரே போடலாமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: சக்கையை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். நுண்ணிய தூள் ஈரத்தில் இறுகி ஒரு மேலோடு போலாகி, தண்ணீரும் காற்றும் வேருக்குப் போகாமல் தடுக்கும். அதில் தழைச்சத்து சுமார் இரண்டு சதவீதம் இருப்பதால் மட்கு உரத்துக்கு நல்ல பொருள். காய்ந்த இலைச் சருகு அதிகமாகவும் சக்கை குறைவாகவும், மொத்த அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் கலந்து வையுங்கள். பூங்காவில் கூட்டித் தள்ளி எரிக்கப்படும் சருகுக்கு அங்கேயே ஒரு பயன் கிடைக்கும். சிக்கரி கலந்த தூளின் சக்கையையும் இப்படியே மட்கச் செய்யலாம். உரம் ஆனதும் காபி குடிக்க வருபவர்களுக்கு ஒரு பிடி தந்து பாருங்கள். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் அதற்காகவே வருவார்கள்.

கழுவிய நீரில் பால் கொழுப்பும் சோப்பும் இருக்கும். முதலில் ஒரு சிறு கொழுப்புப் பிடிப்புத் தொட்டி வழியாகவும், பிறகு ஜல்லியும் மணலும் நிரப்பிய பாத்தி வழியாகவும் விட்டு, அந்தப் பாத்தியில் கல்வாழை நடுங்கள். அங்கிருந்து வாழைக்கோ நிழல் மரத்துக்கோ பாய்ச்சலாம். கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் வேண்டாம். நுரை அதிகம் வராத சோப்பைக் குறைவாகப் பயன்படுத்தினால் பாத்தி நாறாது. கொழுப்புத் தொட்டியை வாரம் ஒருமுறை கையால் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதன் மூடியை ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய எடையில் செய்யச் சொல்லுங்கள்.